மலை ஏறினால் மனசு ஏன் லேசாகிறது?

சித்திரை வெயில் உச்சத்துக்கு வரும்போது கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கல்வராயன் மலைப்பாதையில் ஏறி, கரியாலூரிலோ வெள்ளிமலையிலோ ஒரு பொழுதைக் கழித்துவிட்டு வருவார்கள். இறங்கி வந்ததும் 'மனசே லேசாயிடுச்சு' என்பார்கள். அதே பாதையில் கீழே இறங்கும் பேருந்தில் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் பையும் மூட்டையுமாக உட்கார்ந்திருப்பார்கள். கேரளத்துக்கும் கர்நாடகத்துத் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். மனசை லேசாக்கும் மலை என்றால், அங்கேயே இருப்பவர்கள் ஏன் அதை விட்டு இறங்க வேண்டும்?

நாம் வாழும் இடம் நம் மனநிலையை மாற்றுகிறது என்பது எல்லாருக்கும் அனுபவத்தில் தெரியும். ஆனால் இடம் என்பதில் காற்று, வெப்பம், மரம், இரைச்சல், அக்கம்பக்கம், வேலை, கடன், ஆஸ்பத்திரிக்கான தூரம் என்று எத்தனையோ அடங்கியிருக்கின்றன. இவற்றில் எது, எந்த வழியாக மனதைத் தொடுகிறது? இதைப் பிரித்தறிவது ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரும் பாடாக இருந்திருக்கிறது. அவர்கள் பிரித்துப் பார்த்த விதத்தில் ஒரு பகுதி நம் கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கரும்புக் காட்டிலேயே நடந்தது என்பதால் அதை நாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. சுற்றுலா போனவரின் சாட்சியத்தை அப்படியே ஏற்க முடியாது. அவர் மலைக்குப் போனது மட்டுமில்லை, வேலைக்கும் போகவில்லை, கூட்டாளிகளோடு போனார், சமைக்கவில்லை. இதில் எது மனசை லேசாக்கியது என்று எப்படிச் சொல்வது? அதைவிட நுட்பமான இன்னொரு பிழையை 1998-இல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இருவர் காட்டினார்கள். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலும் கலிபோர்னியாவிலும் படிக்கும் ஏறத்தாழ 2000 மாணவர்களிடம் வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டார்கள். கடுங்குளிரில் இருப்பவர்களும் இதமான வெயிலில் இருப்பவர்களும் ஒரே அளவு திருப்தியோடுதான் இருந்தார்கள். ஆனால் 'உங்களைப் போன்ற ஒருவர் அந்த இடத்தில் இருந்தால்?' என்று கேட்டபோது, கலிபோர்னியாவில் இருப்பவர்தான் கூடுதல் மகிழ்ச்சியாக இருப்பார் என்று இரு தரப்பினருமே சொன்னார்கள். இரண்டு ஊர்களை ஒப்பிடச் சொன்னதும் நம் மனம் கண்ணில் படும் வேறுபாட்டின்மேல் போய் நின்றுவிடுகிறது. அங்கே இருப்பவரின் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிக் கழியும் என்பதை மறந்துவிடுகிறது. இதைக் குவிய மயக்கம் என்று சொல்லலாம். மலைவாசிகள் கொடுத்துவைத்தவர்கள் என்று நாம் பேசுவதில் பாதிக்கு மேல் இந்த மயக்கம்தான்.

மயக்கத்தைக் கழித்துவிட்டாலும் மீதி ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. உடம்பிலிருந்து தொடங்குவோம்.

கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயர்ந்தால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கல்வராயன் மலையின் பெரும்பகுதி 2000 முதல் 3000 அடி உயரத்தில் இருக்கிறது. ஆக, சமவெளியைவிட அங்கே நான்கைந்து டிகிரி குறைவு. பகலில் இது ஒரு சுகம், அவ்வளவுதான். இரவில் கதை வேறு. தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். கைகால்களின் தோல் வழியாக உடம்பு வெப்பத்தை வெளியேற்றுகிறது. வெளிக்காற்று சூடாக இருந்தால் அந்த வழி அடைபடுகிறது. கான்கிரீட் தளம் போட்ட வீட்டில் நிலைமை இன்னும் மோசம். தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை மெதுவாக உள்ளே கடத்தி, நாம் பாயை விரிக்கும் நேரத்துக்குத்தான் அறைக்குள் இறக்குகிறது. மே மாத இரவுகளில் ஊரே மொட்டை மாடியில் படுப்பது இதனால்தான். 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 68 நாடுகளில் 47,000-க்கும் மேற்பட்டவர்கள் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவிகளின் பதிவுகளை அந்தந்த ஊர் வெப்பநிலையோடு பொருத்திப் பார்த்தது. வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகளில் மக்கள் சராசரியாக 14 நிமிடம் தூக்கத்தை இழந்திருந்தார்கள். வயதானவர்களுக்கும் ஏழை நாட்டினருக்கும் இழப்பு இன்னும் அதிகம்.

தூக்கம் கெட்டால் மறுநாள் எரிச்சல் வரும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் தூக்கத்தைக் கூட்டினால் மனம் தேறுமா? இந்தக் கேள்வியைச் சென்னையிலேயே சோதித்தார்கள். குறைந்த வருமானமுள்ள 452 பேரைக் கணினியில் தகவல் பதியும் வேலையில் ஒரு மாதம் அமர்த்தி, மணிக்கட்டுக் கருவியால் தூக்கத்தை அளந்தார்கள். எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் அவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். வெப்பம், கொசு, இரைச்சல், நெருக்கடி என்று இரவு முழுக்க விழிப்பு. பாதிப் பேருக்கு மேல் காதடைப்பான், கண்மறைப்பு, மின்விசிறி போன்றவற்றோடு ஊக்கமும் கொடுத்தபோது தூக்கம் இரவுக்கு அரை மணிக்குச் சற்றுக் குறைவாகக் கூடியது. ஆனால் வேலைத்திறனோ மனநிலையோ குறிப்பிடும்படி மாறவில்லை. அதே ஆய்வில், ஒரு பகுதியினருக்கு அலுவலகத்தில் அமைதியான இடத்தில் மதியம் அரை மணி நேரம் தூங்க இடம் கொடுத்தார்கள். அவர்களுடைய கவனம் கூடியது, வேலைத்திறன் கூடியது, மன நலமும் கூடியது. 2021-இல் வெளியான இந்த முடிவு ஆய்வாளர்களையே வியக்கவைத்தது. துண்டுபட்ட தூக்கத்தில் இன்னும் அரை மணி சேர்ந்து பயனில்லை. நல்ல இடத்தில் கிடைத்த அரை மணிதான் பயன்பட்டது என்று இதைப் படிக்கலாம். வீட்டுத் திண்ணையில் வேப்ப மர நிழலில் உண்ட களைப்புக்குக் கண்ணயர்ந்த நம் முன்னோர்களை யாரும் சோம்பேறிகள் என்று சொல்ல வேண்டாம்.

இரண்டாவது வழி கவனம். கணக்குப் பார்ப்பது, நெரிசலில் வண்டி ஓட்டுவது, பிள்ளை அழும்போது அரிசி அளப்பது போன்ற காரியங்களுக்கு நாம் மற்றதையெல்லாம் ஒதுக்கித் தள்ளி மனதை ஓரிடத்தில் பிடித்துவைக்க வேண்டும். இதை முனைந்த கவனம் எனலாம். ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற தம்பதியர் 1980-களில் வளர்த்தெடுத்த கருத்துப்படி இந்தக் கவனம் தீர்ந்துபோகக் கூடியது. கிணற்றில் மோட்டார் போட்டு இறைக்கிறோம். தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும் நிறுத்திவிட்டு ஊறும்வரை காத்திருக்கிறோம். கவனமும் அப்படித்தான் ஊற வேண்டும். ஊறுவதற்கு, முயற்சியில்லாமல் மனதை மெல்ல இழுத்துக்கொள்ளும் ஏதாவது முன்னால் இருந்தால் போதும்: அசையும் இலை, ஓடும் தண்ணீர், மேகம். நெடுஞ்சாலையோ, ஒவ்வொரு ஆரனுக்கும் மோட்டாரை மறுபடி போடவைக்கிறது.

அழகான கருத்து. ஆதாரம்? 1984-இல் ரோஜர் அல்ரிச் என்பவர் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். ஒரே வகைப் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவரையும் செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவரையும், வயது, பால், பிற பழக்கங்கள் பொருந்துமாறு 23 இணைகளாக எடுத்து ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்துகளைக் குறைவாகவே கேட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் எந்த அறை காலியாக இருந்ததோ அதில் போட்டார்கள், நோயாளி தானே தேர்ந்தெடுக்கவில்லை என்பதில்தான் அதன் வலு இருக்கிறது. 2015-இல் கிரெகரி பிராட்மனும் கூட்டாளிகளும் 38 பேரை ஒன்றரை மணி நேரம் நடக்கவைத்தார்கள். சிலர் மரங்கள் நின்ற புல்வெளியில், சிலர் பரபரப்பான சாலையோரத்தில். ஒரே மனக்குறையைத் திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் புல்வெளியில் நடந்தவர்களிடம் குறைந்திருந்தது. துக்கத்தோடு தொடர்புள்ள, முன்மூளையின் ஒரு சிறு பகுதியில் இரத்த ஓட்டமும் இறங்கியிருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் இரண்டும் அப்படியே இருந்தன.

ஆக, கரியாலூருக்குப் போய்வந்தவர் சொல்வது பொய்யில்லை. குளிர்ந்த காற்றும் பச்சையும் அவருக்கு வேலை செய்திருக்கின்றன. ஆனால் அது ஒரு நாள் ஊறிய தண்ணீர். கிணறு எதற்கு வற்றுகிறது என்று பார்க்க மலையிலிருந்து இறங்கிக் கரும்புக் காட்டுக்கு வர வேண்டும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முன் விழுப்புரம் மாவட்டத்தின் மேற்குப் பாதி அது. மூங்கில்துறைப்பட்டு ஆலை, கச்சிராயபாளையம் ஆலை என்று இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இங்கே உண்டு. கரும்பு விவசாயியின் ஆண்டு ஒரு விசித்திரமான ஆண்டு. வருமானம் வெட்டு முடிந்து ஒரே தடவையாக வருகிறது. அந்தப் பணம் கையில் இருக்கும் மாதங்களில் அவர் ஓரளவு வசதியானவர். அடுத்த வெட்டு நெருங்கும் மாதங்களில் அதே ஆள், அதே வீட்டில், ஏழை. இதைக் கவனித்த ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் சாவ் ஆகிய நால்வர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன்னும் வெட்டுக்குப் பின்னும் சந்தித்தார்கள். வேறு வேறு ஊர்க்காரர்களை ஒப்பிட்டால் படிப்பு, உடல்நலம், குணம் என்று ஆயிரம் வேறுபாடு குறுக்கே வரும். ஒரே மனிதரை அவரோடேயே ஒப்பிட்டால் அவையெல்லாம் விலகிவிடும். அதுதான் இந்த ஆய்வின் மூளை.

வெட்டுக்கு முன் 78 விழுக்காட்டினர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள்; வெட்டுக்குப் பின் அது 4 விழுக்காடு. சோதனைகள் எளியவை. சில வடிவங்களைக் காட்டி, விடுபட்டது எது என்று கேட்பது ஒன்று. திரையில் '5 5 5' என்று காட்டி, எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்பது இன்னொன்று. 'ஐந்து' என்று நாக்கு நுனிவரை வரும் சொல்லை அடக்கி 'மூன்று' என்று சொல்ல முனைந்த கவனம் வேண்டும். வெட்டுக்கு முன் விவசாயிகள் மெதுவாகவும் கூடுதல் பிழையோடும் விடை சொன்னார்கள். வெட்டுக்குப் பின் அதே விவசாயிகள் தெளிவாகச் சொன்னார்கள். இந்த ஆய்வு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது.

இரண்டாம் தடவை என்பதால் பழகியிருப்பார்களோ? அந்தச் சந்தேகத்துக்காகவே 100 பேரை முதல் சுற்றில் சேர்க்காமல் நிறுத்திவைத்து, வெட்டுக்குப் பின் முதல் தடவையாகச் சோதித்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள். மழைக்காலம், பண்டிகை, வெயில் என்று பருவம்தான் காரணமோ? இங்கே ஆலையின் வழக்கமே ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தது. எல்லாக் கரும்பையும் ஒரே வாரத்தில் அரைக்க முடியாது என்பதால் வெட்டு உத்தரவு மாதக்கணக்கில் ஒவ்வொருவருக்காக வருகிறது. ஒரே ஊரில், ஒரே மாதத்தில், ஒருவர் வெட்டி முடித்திருப்பார், பக்கத்துக் காட்டுக்காரர் காத்திருப்பார். பருவம் இருவருக்கும் ஒன்று. கவலை மட்டும் வேறு. வயலில் உழைப்பு அதிகமோ, சாப்பாடு குறைவோ என்றும் பார்த்தார்கள். அவை போதுமான காரணமாக இல்லை. மிச்சமிருந்த விளக்கம் இது: கந்துவட்டிக்காரருக்கு என்ன பதில், பள்ளிக் கட்டணத்துக்கு எந்த நகை என்ற கணக்கு, கேட்காமலேயே உள்ளே ஓடிக்கொண்டு அந்தக் கிணற்றை இறைத்துக்கொண்டே இருக்கிறது.

எல்லா ஊரிலும் இது இப்படியே நிகழ்வதில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் குறைந்த வருமானக்காரர்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அதில் சிந்தனைத் திறன் மாறியதாகத் தெரியவில்லை. மாதச் சம்பளத்துக்கு ஒரு வாரம் காத்திருப்பதும் ஆண்டு வருமானத்துக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். இதோடு இந்தியா முழுதையும் பற்றிய இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1967 முதல் 2013 வரையிலான பதிவுகளை எடுத்து டாமா கார்ல்டன் கணக்கிட்டபோது, பயிர் வளரும் பருவத்தில் வெப்பம் கூடிய ஆண்டுகளில் தற்கொலைச் சாவுகளும் கூடியிருந்தன. பயிர் இல்லாத மாதங்களில் அதே வெப்பம் அப்படிச் செய்யவில்லை. உடம்பைச் சுடும் வெயில் எல்லா மாதமும் ஒன்றுதான். அப்படியானால் மனதை உடைப்பதில் பெரும்பங்கு வெயில் காய்ச்சிய பயிருக்கும் அதன்மேல் வாங்கிய கடனுக்கும் இருக்க வேண்டும்.

இனி மலைக்கே திரும்பலாம். கல்வராயன் மலையில் பெரும்பான்மையர் மலையாளிப் பழங்குடியினர். பெயர் அப்படி இருந்தாலும் கேரளத்தோடு தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் மரபுக்கதை சொல்லும் தமிழர்கள். சாமையும் மரவள்ளியும் விளைவிப்பார்கள். கடுக்காய், புளி, தேன் எடுப்பார்கள். 1970-களின் நடுப்பகுதி வரை இந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்தில்கூட இல்லை. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தார்களின், அதாவது பரம்பரை நிலக்கிழார்களின், கையில் இருந்தது. அதனால் சாலை, பள்ளி, மருத்துவம், நிலப் பட்டா எல்லாமே சமவெளியைவிடப் பிந்தி வந்தன. சாலை எட்டாத சிற்றூர்களில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வந்த செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்தவைதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபின், சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றி வழக்கெடுத்து விசாரித்தது. சுற்றுலாக்காரருக்கு மலை கொடுக்கும் குளிர்காற்று மலைக்காரருக்கும் கிடைக்கிறது. அவருடைய கிணற்றை இறைப்பவையோ வேறு: இரவில் பாம்பு கடித்தால் எவ்வளவு நேரத்தில் இறங்கலாம், இந்த நிலம் நாளைக்கும் என்னுடையதா, மழை பொய்த்தால் யாரிடம் முன்பணம் வாங்குவது.

அப்படியானால் இறங்கிவிடுவதுதான் தீர்வா? இடம் மாறினால் மனம் மாறுமா என்பதை 1994-இல் அமெரிக்க அரசு பெரிய அளவில் சோதித்தது. பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களின் வறிய குடியிருப்புகளில் இருந்த சுமார் 4600 குடும்பங்களுக்குக் குலுக்கல் நடத்தி, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர வாடகை உதவி கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால், தெம்புள்ளவர்கள்தான் இடம் மாறுகிறார்கள் என்ற பழைய சந்தேகத்துக்கு இடமில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பெரியவர்களின் வருமானம் உயரவில்லை. ஆனால் அவர்கள் கூடுதல் நிறைவோடும் கூடுதல் உடல்நலத்தோடும் இருந்தார்கள். இரவில் பயமில்லாமல் தெருவில் நடக்க முடிந்தது அவர்களுக்குப் பெரிய விஷயம். பெண் பிள்ளைகளிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. ஆண் பிள்ளைகளிடமோ நேர்மாறாக மனச்சோர்வும் நடத்தைச் சிக்கல்களும் கூடியிருந்தன. பழைய கூட்டாளிகளை இழந்து, புதிய தெருவில் ஒட்ட முடியாமல் போனது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கல்வராயன் மலைப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். உண்டு உறைவிடப் பள்ளிக்கும், பிறகு கீழேயுள்ள கல்லூரிக்கும், பிறகு திருப்பூர் அறைக்கும் போகிறவர்களுக்கு வருமானமும் மருத்துவமும் பக்கத்தில் கிடைக்கின்றன. கூப்பிட்ட குரலுக்கு வரும் மாமனும் பங்காளியும் அங்கே இல்லை. இடம் மனதைத் தொடும் வழிகளில் உறவுதான் அளக்கக் கடினமானது. அதனாலேயே திட்டம் போடுகிறவர்களின் கணக்கில் அது விடுபட்டுப் போகிறது.

ஆளை மாற்றாமல் இடத்தை மாற்றலாமே என்று கேட்டவர்கள் பிலடெல்பியாவில் இருந்தார்கள். குப்பை மண்டிய 541 வெற்று மனைகளைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியைச் சுத்தம் செய்து, புல் விதைத்து, சில மரக்கன்றுகள் நட்டு, சின்ன வேலி போட்டார்கள். ஒரு பகுதியில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மீதியைத் தொடவில்லை. பச்சையாக்கிய மனைகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்களில் சோர்வாக உணர்வதாகச் சொன்னவர்கள், தொடாத மனைகளின் அக்கம்பக்கத்தாரோடு ஒப்பிட 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தார்கள். குப்பை அள்ளியது மட்டும் அந்த அளவுக்குப் பலிக்கவில்லை. இந்த 2018 ஆய்வில் யாருக்கும் மாத்திரை கொடுக்கவில்லை, ஆலோசனை சொல்லவில்லை.

கள்ளக்குறிச்சியில் இதை எங்கே தொடங்கலாம்? பேருந்து நிலையத்தைச் சுற்றி நிழல் மரம், தொழிற்கூடங்களில் மதிய உறக்கத்துக்கு ஒரு மூலை, வெயில் வாங்கும் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு ஆகியவை பெரிய செலவில்லாதவை. 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அங்கிருந்து மனநல மருத்துவர் ஒருவர் மாதந்தோறும் வெள்ளிமலைக்கு ஏறினால், தூளி கட்ட வேண்டிய தூரம் ஒரு வகையில் சுருங்கும். கரும்புக்கோ புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையே, கரும்பை ஒப்படைத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி தர வேண்டும் என்கிறது. நிலுவை மாதக்கணக்கில் நீளும்போது, வெட்டு முடித்த விவசாயியும் வெட்டுக்கு முந்தைய மனநிலையிலேயே கிடக்கிறார். அந்த 464 பேரின் விடைத்தாள்கள் அந்த மனநிலைக்கு என்ன விலை என்று ஏற்கெனவே எழுதிவைத்திருக்கின்றன. ஆலை நிர்வாகங்களும் வேளாண் துறையும் நிலுவைப் பட்டியலைப் பார்க்கும்போது அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.